நாற்பத்திரண்டு மரங்கள்

டுலூத்
நவம்பர் 30, 1997

அன்புள்ள தம்பி ரெய்னோவுக்கு,

நலமா? முழங்கால் வலி குறைந்ததா? உன் நாய் முஸ்டி இன்னும் உன் கட்டிலில்தான் படுக்கிறதா? எனக்கு ரத்த அழுத்தம் தவிர வேறு குறையில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பில்லாத மீனைத் தின்னும் அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டேன். மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

ஒரு செய்தி. திட்டாமல் படி. நம் ஏரியைச் சேர்த்து வைத்திருக்கிற தேசியப் பூங்காவின் தலைமை அலுவலகத்தில் எனக்கு நான்கு மாத வேலை கிடைத்திருக்கிறது. ஆமாம், உன் பரம எதிரிகளிடம்தான். ஏரி குறுகலாகிற கழுத்துப் பகுதியில் இனிமேல் பனி வண்டி ஓட்டக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவரப்போகிறார்களே, அதைப் பற்றி ஜனங்கள் எழுதிப் போடுகிற கருத்துக் கடிதங்களை நான் பிரிக்க வேண்டும், எண் போட வேண்டும், மூன்று பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். வண்டி வேண்டும், வண்டி வேண்டாம், புரியவில்லை. மூன்றாவது பெட்டிதான் சீக்கிரம் நிறைகிறது.

ஒருவர் காகிதத் தட்டில் எழுதியிருக்கிறார். புளோரிடாவிலிருந்து ஓர் அம்மாள், தான் பனியைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் நம் ஓநாய்களை நினைத்து அழுவதாகச் சொல்கிறாள். கால் போன ஒரு கிழவர், வண்டி இல்லாவிட்டால் அந்தக் கரையை இனி எப்படிப் பார்ப்பேன் என்று கேட்கிறார். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். உன் பனி வண்டிச் சங்கத்திலிருந்து ஒரே வாசகத்தில் நூற்றுப்பத்துக் கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் காபி வாசனை. உன் கடையில் உட்கார வைத்து எழுத வைத்தாயா?

இதையெல்லாம் வெளியாளிடம் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னை நான் வெளியாளாக நினைத்ததில்லை.

மேலாளர் நேற்று என்னைக் கூப்பிட்டு, “ஐஸ் மேல வழி தெரியறதுக்கு உங்க ஊர்ல வெட்டின ஊசியிலை மரக்கன்னு நடுவாங்களாமே. அந்த மரத்துக்குப் பக்கத்துல ஐஸ் தாங்குமான்னு யாரும் கடப்பாறையால தட்டிப் பார்க்க மாட்டாங்களாம். ஏம்மா அப்படி?” என்று கேட்டார். நட்டவர் ஏற்கெனவே தட்டிப் பார்த்திருப்பார், மறுபடி தட்டினால் அவரை அவமானப்படுத்துவதாகும் என்றேன். அதை அப்படியே குறித்துக்கொண்டார். இந்த வருஷம் கழுத்தில் நீ மரம் நடாதே, தம்பி. விதி முடிவாகிற வரைக்கும் அங்கே யாரும் நடக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள், நட்டால் பிடுங்கிவிடுவார்கள்.

வெர்னாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். உன் கட்சி இல்லை என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதே. பள்ளியில் ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

அன்புடன்
அக்கா இர்யா


கிவி முனை
டிசம்பர் 12, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் என்னைவிட நலம். நீ எதிரி முகாமில் சேர்ந்ததற்கு வாழ்த்து. அங்கே காபியாவது நன்றாக இருக்கிறதா?

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பூங்காக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றோம். போன கோடையில் மேலே பழைய அணையை எடுத்ததிலிருந்து கழுத்தில் நீரோட்டம் மாறியிருக்கலாம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்ட ஒரு பையன் படம் காட்டினான். பதினெட்டு வருஷமாக அங்கே மரம் நடுகிறவன் நான். எனக்குப் படம் காட்டுகிறான். குளிர்காலத்தில் வண்டிக்காரர்கள் வராவிட்டால் என் கடையையும் வாடகை அறைகளையும் பூட்டிவிட்டு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு உன் சிநேகிதி வெர்னா டீச்சர் எழுந்தாள். பூங்கா சத்தம் போடாதவர்களுக்கும் சொந்தம், சனிக்கிழமை சனிக்கிழமை பனிச்சறுக்கில் போகும்போது வண்டி இரைச்சலில் தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்பதில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அமைதிதான் வேணும்னா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க டீச்சர். அங்க ஒரு சத்தமும் வராது.”

கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, “அங்கயும் உன் வண்டி வந்துடும் ரெய்னோ” என்றாள். அவள் வாயை யாராலும் அடைக்க முடியாது.

இன்று மத்தியானம் நானே தனியாகப் போய் நாற்பத்திரண்டு மரத்தையும் நட்டுவிட்டேன். என் படகுத்துறையிலிருந்து கழுத்து வழியாக அந்தக் கரை வரைக்கும் ஒரே நேர்கோடு. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. எனக்குக் கண் எதற்கு? பனியைக் குவித்து, தண்ணீர் ஊற்றி, இறுகினதும் அடுத்த மரம். இரண்டரை மணி நேரத்தில் முடித்தேன். பிடுங்குகிறவன் வந்து பிடுங்கட்டும்.

உப்பு விஷயத்தில் டாக்டரை நம்பாதே.

தம்பி
ரெய்னோ


டுலூத்
டிசம்பர் 20, 1997

அன்புள்ள ரெய்னோ,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். ஏலக்காய் ரொட்டியும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். ரொட்டி உனக்கு, முஸ்டிக்கு இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போ என்றா சொன்னாய் அவளிடம்? உனக்கு ஐம்பது வயதாகிறது. நாக்குக்கு மட்டும் இன்னும் பதினைந்துதான். போய் மன்னிப்புக் கேள். பண்டிகைக்குத் தன் தங்கை வீட்டுக்கு ஓரிகன் போகப்போவதாக எனக்கு எழுதியிருந்தாள். போவதற்கு முன்பே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்கத் தோன்றாவிட்டால் இதைப் படி. அவளுடைய கருத்துக் கடிதம் வந்திருக்கிறது. எண் 412. பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலைத் தபாலில் போட்டிருக்கிறாள். இரண்டு பக்கம் முழுக்க உங்கள் வண்டிகளை வறுத்து எடுத்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதுகிறாள்: “விதியை மீறி மீண்டும் மரம் நட்டிருக்கிறார்கள். இதைக் கண்டிக்கிறேன். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீரோட்டம் மாறியிருக்குமோ என்று நானும் பயந்தேன். ரெய்னோ மரம் நட்டிருக்கிறான் என்றால் தட்டிப் பார்த்திருப்பான். இன்று அந்த மரங்களை ஒட்டித்தான் நான் சறுக்கிப் போகப்போகிறேன்.”

எதிராளி வாயால் இப்படி ஒரு பாராட்டு உன் சங்கத்துக்காரன் ஒருவனும் எழுதவில்லை. படித்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்படு.

பண்டிகை வாழ்த்துகள். அவள் திரும்பி வந்ததும் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா இர்யா


கிவி முனை
ஜனவரி 6, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரொட்டி வந்தது. காலுறையும் வந்தது. நன்றி.

மரங்களை நானே பிடுங்கிவிட்டேன். விதி என்றால் மதிக்க வேண்டும் என்று தோன்றியது.

குளிர் அதிகம். முஸ்டி ஐஸில் கால் வைக்கமாட்டேன் என்கிறது. துறை வரைக்கும் வருகிறது, நிற்கிறது, திரும்பிவிடுகிறது. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெய்னோ


டுலூத்
ஜனவரி 17, 1998

அன்புள்ள தம்பி,

உனக்கு உடம்பு சரியில்லையா? மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

நீயாவது, விதியை மதிப்பதாவது. பத்து வயதில் தேவாலயக் கூரையில் சறுக்கி விளையாடியதற்காக அப்பா உன்னை மரத்தில் கட்டிப்போட்டபோதுகூட, கட்டு நேராக இல்லை என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ. சங்கத் தலைவர் தானே நட்ட மரத்தைத் தானே பிடுங்கினார் என்று இங்கே மேலாளரும் ஆச்சரியப்பட்டார்.

நேற்று உங்கள் பக்கத்துப் போலீஸ்காரர் ஹால்வொர்சன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வெர்னா பள்ளி திறந்தும் வரவில்லையாம். ஓரிகனுக்கும் போய்ச் சேரவில்லையாம். பெட்டியை மட்டும் வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் அனுப்பிவிட்டிருக்கிறாள். வழியில் எங்கோ இறங்கிவிட்டாள், கூட்டத்தில் பட்ட அவமானம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாமே. அவள் அப்படி ஓடுகிறவளா? கடைசியாக அவளிடமிருந்து வந்தது 412ஆம் எண் கடிதம்தான். அதன் தபால் முத்திரைத் தேதியை மட்டும் கேட்டார், சொன்னேன். உள்ளே இருப்பதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஒரே ஒரு கேள்வி, ரெய்னோ. அந்தச் சனிக்கிழமை அவளை நீ பார்த்தாயா?

அக்கா


கிவி முனை
ஜனவரி 24, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு? மாத்திரையை விடாதே.

போன் கோளாறு. முழங்காலுக்குத் தினமும் சவுனாவில் அடுப்பு மூட்டி ஆவியில் உட்காருகிறேன், பரவாயில்லை. கடையில் தூண்டிலுக்கு விற்கிற இரைமீன் தொட்டியில் மீன்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. ஏரித் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், எப்போதும் போல. வண்டிக்காரர்கள் வருகிறார்கள், நிலத்து வழியாகச் சுற்றிப் போகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள். ஹால்வொர்சன் வந்தான். காபி குடித்தான். போனான். பேத்தி பிறந்திருக்கிறாளாம்.

அப்பாவின் கடப்பாறை துருப்பிடித்திருந்தது. தேய்த்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

நீ கேட்ட மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ரெய்னோ


டுலூத்
பிப்ரவரி 2, 1998

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நான் நலம். ரத்த அழுத்தம் நூற்று அறுபது. காரணம் உப்பு இல்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தி என்று நினைக்கிறேன். வெர்னா உயிரோடுதான் இருக்கிறாள். அவளிடமிருந்து இரண்டு கருத்துக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் அதைப் பார்த்துத்தானே கணக்குப் பாடத்தில் தேறினேன்.

எண் 977: “நான் தூரத்தில் இல்லை. மரங்களை ஏன் பிடுங்கினார்கள் என்று தெரியவில்லை.”

எண் 1041: “நட்டவர் தட்டிப் பார்த்தாரா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.”

இரண்டையும் எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

இர்யா


கிவி முனை
பிப்ரவரி 7, 1998

அக்கா,

என்ன காகிதம்? என்ன மை? உறையில் எந்த ஊர் முத்திரை? உடனே எழுது.

யாரோ விளையாடுகிறார்கள். சங்கத்தில் எனக்கு ஆகாதவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டையும் யாருக்கும் காட்டாதே, கொளுத்திவிடு. கொளுத்தினால் வேலை போகும் என்றால் வேலையை விடு. உனக்கு என்ன வேண்டுமோ நான் அனுப்புகிறேன்.

அவளால் எழுத முடியாது.

ரெய்னோ


டுலூத்
பிப்ரவரி 14, 1998

தம்பி,

‘எழுதமாட்டாள்’ என்று நீ எழுதவில்லை. ‘எழுத முடியாது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை இன்னொன்று வந்தது. எண் 1306. தபால் கட்டுக்குள் இருந்தது. முத்திரை இல்லை. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், முழுக்க ஈரம். ஹீட்டர் மேல் நான்கு நாளாக வைத்திருக்கிறேன், இன்னும் காயவில்லை. பக்கத்து மேசைக்காரி ஏரி வாடை அடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்:

“எண் 412இல் நான் சொன்ன கருத்தை வாபஸ் பெறுகிறேன். கழுத்து வழியைத் திறந்துவிடுங்கள். இங்கே சத்தம் போதவில்லை. வண்டிகள் வரட்டும். ஆட்கள் நிறைய வரட்டும். மரங்களை நானே நட்டுக்கொடுக்கிறேன். என் நீலத் தொப்பியை எடுத்தவர் திருப்பிக் கொடுத்தால் நல்லது. காது குளிர்கிறது.”

தொப்பி விஷயம் எனக்குப் புரியவில்லை. மற்றது மேலாளருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம். எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். முதலில் எதிர்த்தவளே மனம் மாறிவிட்டாள், எங்கேயோ நலமாக இருக்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் சங்கம் மீன்பிடிப் போட்டிக்கு அனுமதி கேட்டிருந்ததே, அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, ஒரு நாள் மட்டும், கழுத்து வழியாக முன்னூறு வண்டி. ஐஸ் தாங்குமா என்று கேட்டேன். “உங்க தம்பியைவிட ஐஸ் தெரிஞ்ச ஆள் யாரும்மா?” என்றார்.

ஐஸ் தாங்குமா, ரெய்னோ?

இர்யா


கிவி முனை
பிப்ரவரி 18, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தாங்காது.

தொப்பி என்னிடம்தான் இருக்கிறது. இரைமீன் தொட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு மூடுபனியில் நடும்போது கடப்பாறை என் தோளில்தான் இருந்தது. ஒரு தடவைகூட இறக்கவில்லை. பூங்காக்காரர்கள் மேல் கோபம், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற வீம்பு. பத்தொன்பதாவது மரத்தை நடும்போது காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நன்றாகக் கேட்டது, அக்கா. கேட்காத மாதிரி நட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அந்த இஸ்திரிப் பையன் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது பத்தொன்பதாவது மரம் இல்லை. அந்த இடத்தில் வண்டி அகலத்துக்குப் புது ஐஸ், கண்ணாடி போல மெல்லிசாக. ஓரத்தில் தொப்பி கிடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போன சறுக்குத் தடம் அந்த இடம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

ஐஸை உடைத்துத் தேடியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். நான் மரங்களைப் பிடுங்கினேன். பதினெட்டு வருஷம் இந்த ஊர் என் மரத்தை நம்பியது. அவளும் நம்பினாள். நீ அனுப்பிய 412ஐப் படித்த அன்று சவுனாவில் உட்கார்ந்து அழுதேன். அடுப்புப் போடவில்லை, குளிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போட்டிக்கு மரம் நடச் சொல்லிச் சங்கத்தார் தினமும் வருகிறார்கள். கால் வலி என்கிறேன். சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன். ஏரியை ஒரேயடியாக மூடிவிடுவார்கள், ஊரே என்னைக் காறித் துப்பும். சொல்லாவிட்டால் இருபத்தெட்டாம் தேதி முன்னூறு வண்டி. என்னால் தைரியமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நீ சொல்.

ரெய்னோ


டுலூத்
பிப்ரவரி 22, 1998

அன்புள்ள ரெய்னோ,

சொல்கிறேன். ஹால்வொர்சனிடம் போ. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே போ. பூங்காவின் காவல் நிலையத்தில்தான் இந்த வாரம் முழுக்க இருக்கிறார், எதிர்க்கரையில். தெரிந்த வழியாயிற்றே என்று ஏரியில் இறங்காதே. லாரியை எடு. சுற்றி நாற்பது மைல் ஆனாலும் ரோட்டில் போ.

அவள் என் சிநேகிதி. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இந்தத் தாளில் எழுதினால் தாள் கிழிந்துவிடும். ஆனாலும் நீ என் தம்பி. நீ வெளியே வருகிற வரைக்கும் நான் வந்து பார்ப்பேன், ரொட்டி கொண்டுவருவேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 977ஐயும் 1041ஐயும் நான்தான் எழுதினேன். நீ ஜனவரியில் எழுதிய கடிதத்தில் போன், முழங்கால், மீன், ஹால்வொர்சனின் பேத்தி எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. என் ஒரே கேள்விக்கு மட்டும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் கையெழுத்தைப் போலவே எழுத எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். உன்னைப் பயமுறுத்தி உண்மையை வாங்க வேறு வழி தெரியவில்லை. இரண்டையும் பெட்டியில் போடவே இல்லை. என் கைப்பையில்தான் இருக்கின்றன.

1306ஐ நான் எழுதவில்லை, ரெய்னோ. தொப்பி நீல நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்று காலையில் அதைப் பூட்டி வைத்திருந்த மேசை இழுப்பறையைத் திறந்தேன். தாள் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. இழுப்பறையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஊசியிலைகள் மிதந்தன.

ரோட்டில் போ. போய்ச் சேர்ந்ததும் போன் செய்.

உன் அக்கா
இர்யா


கிவி முனை
பிப்ரவரி 26, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இதைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பப்போகிறேன். அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஹால்வொர்சனுக்குப் போன் செய்துவிட்டேன். போட்டியை நிறுத்து, கழுத்தில் ஐஸ் தாங்காது, பத்தொன்பதாவது மரம் இருந்த இடத்தில் ஆளை இறக்கித் தேடு, மீதியை நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு, “எந்த வழியா வர்றே?” என்றான்.

“ரோட்டுலதான்” என்றேன்.

அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். லாரியில் ஏறிக் கிளப்பிவிட்டேன். திருப்பும்போது ஏரிப் பக்கம் பார்த்தேன்.

மரங்கள் நிற்கின்றன, அக்கா. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் ஒன்றுகூட இல்லை. என் துறையிலிருந்து தொடங்கி அந்தக் கரை வரைக்கும். இறங்கி வந்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. நான் நட்டதைவிட நேராக இருக்கின்றன. சங்கத்தார் யாரும் நடவில்லை, எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் காலடித் தடம் இல்லை. தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இந்த வருஷம் ரொம்ப அழகா நட்டிருக்கே ரெய்னோ” என்று என் முதுகில் தட்டினார்.

கடப்பாறையைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் மரம் வரைக்கும் போனேன். ஓங்கினேன். கை வரவில்லை. நான் நட்ட மரத்தடியில் அவள் ஒரு தட்டுக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. அவள் நட்டதில் நான் எப்படித் தட்டுவேன்? கடப்பாறையைத் திரும்பக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டேன். அப்பாவுடையது, நீ வந்து எடுத்துக்கொள்.

லாரியை அணைத்துவிட்டேன், இந்த மரங்களை ஒட்டித்தான் நடந்து போகப்போகிறேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். உன் பேச்சைக் கேட்கிறவன் என்றால் நவம்பரிலேயே கேட்டிருப்பேன். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினெட்டாவது மரம் வரைக்கும் பயப்படமாட்டேன் என்று நினைக்கிறேன். அவள் தட்டிப் பார்த்துத்தான் நட்டிருக்கிறாள் என்றால் அந்தக் கரையில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். போய்ச் சேராவிட்டால், பதினெட்டாம் தேதி நான் உனக்கு எழுதிய கடிதத்தை ஹால்வொர்சனிடம் கொடுத்துவிடு. என் கையெழுத்து என்று நீதான் சாட்சி சொல்ல வேண்டும்.

முஸ்டி டிசம்பரிலிருந்து ஐஸில் கால் வைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது முதல் மரத்தடியில் நிற்கிறது. தெரிந்தவர் யாரோ எதிரில் வருகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தபால்காரரிடம் விட்டுவிட்டுத்தான் போவேன்.

தொப்பியைக் கோட்டுப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வழியில் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

உப்பைக் குறைத்துக்கொள், அக்கா. வெர்னாவைப் பார்த்தால் நீ கேட்டதாகச் சொல்கிறேன்.

தம்பி
ரெய்னோ